அப்பாவின் ரீல் நோட்டும் 38,000 ரூபாய் படிப்பும்

கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் இடையிலுள்ள ஓர் ஊரிலிருந்து வந்த கடிதம் இது. ஏழு தாள், இரு புறமும் எழுதியது. ஊரையும் ஆளையும் காட்டிக்கொடுக்கும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

எழுதியவருக்கு வயது 46. அஞ்சல் வழியில் பி.ஏ. தமிழ் முடித்தவர். தனியார் அரிசி ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறார். மாதம் 14,000 ரூபாய் சம்பளம். கணவர் பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். ஒரே மகள் பிளஸ் டூ படிக்கிறாள், விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) சேர வேண்டும் என்கிறாள். கடிதம் எழுதியவரின் அப்பா முதலில் டூரிங் டாக்கீஸிலும் பிறகு டவுன் தியேட்டர் ஒன்றிலும் ஆபரேட்டராக இருந்தவர். ஆறு ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். அவர் விட்டுச்சென்ற தகரப் பெட்டியில் பதினொரு நீள நோட்டுகள் இருக்கின்றன. படத்தின் பெயர், எத்தனை ரீல், எத்தனை நாள் ஓடியது, எந்த ரீலில் அறுந்தது, அன்றைய வசூல் என்று நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறார்.

போன மாதம் கைப்பேசியில் ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. திரைப்படக் கல்வி அறிமுகம், 12 வாரம், இணையவழி, முடிவில் சான்றிதழ். ஆர்வத்தில் தன் எண்ணைக் கொடுத்திருக்கிறார். பத்து நிமிடத்தில் அழைப்பு. கட்டணம் 38,000 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி. இன்றே இடம் பிடித்தால் சலுகை என்றதும் 5,000 ரூபாயை அனுப்பிவிட்டார். மீதி 39,840 ரூபாயை மாதம் 3,320 வீதம் பன்னிரண்டு தவணையாகக் கட்டலாம் என்று ஒரு லிங்க் வந்திருக்கிறது. ஆதார் எண்ணும் பான் எண்ணும் கேட்கிறது. இவர் தயங்கவே, தினமும் இரண்டு முறை அழைக்கிறார்கள். படிப்புக்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரம் உண்டு, முடித்தால் சினிமாவில் வேலைக்கு வழி செய்வோம் என்கிறார்களாம். கணவருக்கு இன்னும் தெரியாது. அண்ணனிடம் சொன்னதற்கு, “அப்பா முப்பது வருடம் படம் ஓட்டி என்ன மிச்சம்? நீ வேறு கிளம்பிவிட்டாயா?” என்று கேட்டிருக்கிறார்.

சேரலாமா, தன் ஆங்கிலம் போதுமா, கட்டிய பணம் போய்விடுமா, கணவரிடம் சொல்லாமல் சேர்ந்தால் தவறா, தானே படித்துவிட்டு மகளுக்கு வழி காட்ட முடியுமா. இவைதான் அவருடைய கேள்விகள்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் படிப்பைப் பற்றி இரண்டு தாள், அப்பாவைப் பற்றி ஐந்து தாள். கல்லூரியில் காட்சித் தொடர்பியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற எனக்கு அந்த ஐந்து தாளை விட்டு வெளியே வருவதே சிரமமாக இருந்தது. ஆனால் உங்களுக்கு இப்போது அவசரம் வேறு. ஆகவே முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். திரைப்படக் கல்வி படியுங்கள். இந்த நிறுவனத்திடம் படிக்க வேண்டாம். தவணை லிங்க்கைத் தொடாதீர்கள்.

அந்த லிங்க் என்ன செய்யும்

தவணை என்றதும் பாத்திரக் கடைச் சீட்டு போல நினைத்திருக்கிறீர்கள். பிடிக்கவில்லை என்றால் அடுத்த மாதம் கட்டாமல் விட்டுவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியில்லை. அந்த லிங்க்கில் ஆதாரும் பானும் கொடுத்து ஓ.டி.பி.யும் போட்டுவிட்டால், பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனத்திடம் உங்கள் பெயரில் கடன் எழுதப்படும். அவர்கள் 39,840 ரூபாயையோ, அதில் தங்கள் கழிவு போக மீதியையோ படிப்பு நடத்துபவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அதன்பின் வகுப்பு நன்றாக நடந்தாலும் நடக்காவிட்டாலும் நீங்கள் கடன்காரர். தவணை தவறினால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண் குறையும். நாளைக்கு மகளின் படிப்புக்கு வங்கிக் கடன் கேட்டுப் போகும்போது அது குறுக்கே வந்து நிற்கும். வட்டியில்லாத் தவணை என்ற சொல்லையும் நம்பாதீர்கள். வட்டி கட்டணத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கலாம்.

கடிதம் எழுதிய பிறகு அவசரப்பட்டு அழுத்தியிருந்தால் இதைக் கவனியுங்கள். செயலி வழியே கடன் தருபவர்கள், ஒப்பந்தம் ஆன பிறகும் விலகிக்கொள்ள ஒரு குறுகிய அவகாசம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த அவகாசத்துக்குள் அசலையும் அந்தச் சில நாட்களுக்கான வட்டியையும் செலுத்தினால் அபராதமின்றி வெளியேறலாம். சில இடங்களில் அந்த அவகாசம் ஒரே நாள்தான். எனவே நாளை பார்க்கலாம் என்று விடக்கூடாது.

இது எடுக்கக் கற்றுத்தரும் படிப்பு அல்ல

மூன்று மாதத்தில் கேமரா பிடிக்கவும் எடிட்டிங் செய்யவும் வந்துவிடும், இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். வராது. அதை வரவைக்கும் படிப்பு வேறு. திரைப்படக் கல்வி என்பது படத்தைப் படிக்கும் படிப்பு. தொலைபேசியில் பேசியவர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பியிருக்கிறார். தெரிந்தே செய்தாரா என்று சொல்ல முடியவில்லை.

நீங்கள் தமிழ் படித்தவர், ஆகவே சுலபமாகச் சொல்கிறேன். பி.ஏ.வில் வெண்பாவை அலகிட்டீர்கள் அல்லவா? நேர், நிரை என்று அசை பிரித்து, சீர் கண்டு, தளை பார்த்து, கடைசிச் சீர் நாளா மலரா காசா பிறப்பா என்று தேடினீர்கள். அதனால் நீங்கள் வெண்பா பாடும் புலவராகவில்லை. ஆனால் ஒரு வெண்பா ஏன் அப்படி ஒலிக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது. திரைப்படக் கல்வியின் முதல் பருவம் முழுக்க இந்த அலகிடும் வேலைதான். அங்கே அசைக்குப் பதில் ஷாட், அதாவது வெட்டு விழாமல் ஓடும் ஒரு துண்டு; சீருக்குப் பதில் சீன். ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவே இருக்கும் ஒட்டு, தளை மாதிரி. அங்கேதான் முக்கால்வாசி சூட்சுமமும் இருக்கிறது.

அந்த ஒட்டை உங்கள் அப்பா கையால் தொட்டிருக்கிறார். படம் அறுந்தால் பிலிம் சிமெண்ட் தடவி ஒட்டுவார், சேதமான சில அடிகளை வெட்டி எறிவார், வாசலில் நின்ற கதாநாயகி சட்டென்று ஊஞ்சலில் இருப்பாள், கொட்டகையே விசிலடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். நடுவில் அவள் உள்ளே நடந்து வந்ததை யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் வந்துவிட்டாள் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டு மேலே படம் பார்த்தார்கள். 1920 வாக்கில் ரஷ்யாவில் குலஷோவ் என்ற இயக்குநர் இதையேதான் சோதித்தார். உணர்ச்சி எதுவும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தை ஒரு தட்டு சூப்போடு ஒட்டினார், பிறகு ஒரு சவப்பெட்டியோடு, பிறகு ஒரு பெண்ணோடு. முகம் ஒன்றுதான். பார்த்தவர்கள் அதில் பசியையும் துயரத்தையும் ஆசையையும் கண்டு நடிப்பைப் பாராட்டினார்கள் என்று வகுப்புகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். நான் இதை நடத்தும்போது மாணவர்கள் கொட்டாவி விடுவார்கள். உங்கள் ஊஞ்சல் கதை அன்று கையில் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார்கள்.

பணம் எதுவும் கட்டாமல் இந்த வாரமே ஒன்று செய்து பாருங்கள். மனப்பாடமாகத் தெரிந்த பழைய படம் ஒன்றில் மூன்று நிமிடக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். படம் வெட்டும் ஒவ்வொரு முறையும் நிறுத்தி ஒரு வரி எழுதுங்கள்: யார் தெரிகிறார், முகமா முழு உருவமா, கேமரா நின்றதா நகர்ந்ததா, எத்தனை நொடி. இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்; பேச்சு, இசை, காலடி, அமைதி, அவ்வளவையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் முறை சேர்த்துப் பாருங்கள். ஒன்றரை மணி நேரம் ஆகும். வரவு செலவுப் பேரேடு எழுதும் கை உங்களுடையது. கட்டம் போட்டு எழுத உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று காட்சியை இப்படி அலகிட்ட பிறகும் ஆசை குறையவில்லை என்றால் மேலே போகலாம். குறைந்துவிட்டால் 39,840 ரூபாய் மிச்சம்.

எங்கே படிப்பது

மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயமும், ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். திட்டமும் உங்களுக்குப் பொருந்தும். சென்னை ஐ.ஐ.டி.யின் மானுடக் கலைகள் மற்றும் சமூக அறிவியல் துறைப் பேராசிரியர் நடத்திய திரைப்பட வகுப்புகள் அங்கே இருக்கின்றன. பாடம் கேட்கக் காசு வேண்டாம். சான்றிதழ் வேண்டுமானால் வாரந்தோறும் பயிற்சிகளை முடித்து, 1,000 ரூபாய் அளவில் தேர்வுக் கட்டணம் கட்டி, நேரில் ஒரு மையத்துக்குச் சென்று எழுத வேண்டும். பழைய வகுப்புகளின் காணொளிகள் யூடியூபிலேயே கிடக்கின்றன. தேர்வே வேண்டாம் என்பவர்கள் இன்றிரவே ஆரம்பிக்கலாம்.

பருவம் பார்த்துச் சேருங்கள். பெரும்பாலான பாடங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்குகின்றன. ஜனவரி வேண்டாம். தை, மாசியில் சம்பா நெல் வந்து இறங்கும்போது ஆலைக் கணக்கில் உங்களால் தலை நிமிர முடியாது. ஆறாவது வாரப் பயிற்சி அந்த நெல் குவியலுக்கு அடியில் போய்விடும். ஜூலை பரவாயில்லை. தேர்வு நேரம் குறுவை நெல்லோடும் ஐப்பசி மழையோடும் மோதத்தான் செய்யும், ஆனாலும் சம்பா அளவுக்கு நெருக்கடி இருக்காது. இன்னொன்று: குறித்த நேரத்தில் நேரலையாக மட்டும் நடக்கும் வகுப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது டெல்டாவில் எத்தனை ஊர்கள் எத்தனை நாள் இருட்டில் கிடந்தன என்று நமக்குத் தெரியும். அவ்வளவு வேண்டாம், சாதாரண அடைமழைக்கே மின்சாரம் போய்விடுகிறது. பதிவு செய்த வகுப்பு என்றால் விளக்கு வந்ததும் கேட்டுக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும் ஒரு திரைப்பட வகுப்பின் காணொளிகளை ஓபன்கோர்ஸ்வேர் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. சான்றிதழ் கிடையாது, கேள்வி கேட்க ஆள் கிடையாது, ஆனால் பேராசிரியர் விரிவாகப் பேசுகிறார். இதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். புனேயில் 1960-இல் தொடங்கிய இந்தியத் திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் திரைப்பட ரசனைக்கென்று குறுகிய காலப் படிப்புகள் நடத்துகிறது. கட்டணம் உண்டு. ஒரு வருடம் இலவசமாகப் படித்த பிறகும் பசி அடங்கவில்லை என்றால் அங்கே பணம் போடுங்கள்.

ஆங்கிலம் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். கவலையில் நியாயம் இருக்கிறது, வகுப்புகள் ஆங்கிலத்தில்தான். ஆனால் பேச்சைக் கேட்பதற்கும் எழுத்தைப் படிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. என்.பி.டி.இ.எல். வகுப்புகளுக்கு எழுத்து வடிவம் கிடைக்கிறது. முதலில் அதைப் படித்துவிட்டு, யூடியூபில் வேகத்தை முக்கால் அளவுக்குக் குறைத்துக் கேளுங்கள். கலைச்சொல் மொத்தம் ஐம்பது தேறும். அதற்கு ஒரு நோட்டு போடுங்கள். அதிலும் வகுப்பில் அதிகம் மிரட்டும் சொல்லான மீசான்சேன், ஆங்கிலமே இல்லை. மேடையில் பொருத்தி வைத்தல் என்று பொருள்படும் பிரெஞ்சு நாடகச் சொல். ஆளும் பொருளும் வெளிச்சமும் உடையும் ஃப்ரேமுக்குள் எங்கெங்கே இருக்கின்றன என்பதுதான் அது. கான்வென்டில் படித்த பிள்ளைகளும் முதல் நாள் அதை உச்சரிக்கத் தெரியாமல்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

சான்றிதழுக்கு வருவோம். அது வேலை வாங்கித் தராது. ஐ.ஐ.டி. பெயர் போட்டிருந்தாலும் தராது. உதவி இயக்குநராகச் சேர்கிறவர்களிடம் யாரும் பன்னிரண்டு வாரச் சான்றிதழைக் கேட்பதில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வழி செய்வோம் என்பவரிடம், எந்த வேலை, எந்தப் படத்தில், எவ்வளவு சம்பளம், எழுதித் தருவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். தினசரி அழைப்புகள் தாமாகவே குறையும்.

நானும் யோக்கியன் அல்ல. 2020 ஊரடங்கில் 22,000 ரூபாய் கட்டி ஓர் இணையவழி எடிட்டிங் படிப்பில் சேர்ந்தேன். மூன்றாவது வாரத்தோடு சரி. இப்போது கடவுச்சொல்லும் மறந்துவிட்டது. பணம் கட்டினால் பொறுப்பு வந்துவிடும் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. நானும் அப்படித்தான் நம்பினேன்.

கட்டிய 5,000 ரூபாய்

போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். வந்துவிடும் என்று நானும் உறுதி சொல்லவில்லை. ஆனால் கேட்கும் விதம் ஒன்று இருக்கிறது.

தொலைபேசியில் பேசுவதை இன்றோடு நிறுத்துங்கள். மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் எழுத்தில் கேளுங்கள். இவ்வளவு போதும்: “இன்ன தேதியில் 5,000 ரூபாய் செலுத்தினேன். வகுப்பு இன்னும் தொடங்கவில்லை. நான் எந்த ஒப்பந்தத்தையும் ஏற்கவில்லை. சேர விருப்பமில்லை. 15 நாட்களுக்குள் பணத்தைத் திருப்பி அனுப்பவும். தவணைக் கடனுக்கு என் பெயரில் எந்த விண்ணப்பமும் செய்ய நான் சம்மதிக்கவில்லை.” அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பணம் போன ரசீது, விளம்பரம், அங்கீகாரம் உண்டு என்று அவர்கள் அனுப்பிய செய்தி, இவற்றையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மகளின் கைப்பேசியிலும் ஒரு பிரதி வையுங்கள். விளம்பரங்கள் ஒரே இரவில் காணாமல் போகும்.

யுஜிசி அங்கீகாரம் என்பது உங்களைக் கவர்ந்திருக்கிறது. 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டப்படி பட்டம் வழங்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும், சட்டம் அந்த அதிகாரத்தைத் தந்த நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு. இணையவழிப் பட்டப்படிப்பு என்றால் அதற்குத் தனி அனுமதி வேண்டும். ஒரு தனியார் நிறுவனம் தன் பெயரில் தரும் 12 வாரச் சான்றிதழ் பட்டமே அல்ல. அங்கீகாரக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். அது வராவிட்டால், பொய் விளம்பரம் என்று சொல்ல உங்களிடம் ஆதாரம் சேர்ந்துவிட்டது.

பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது என்று ரசீதின் அடியில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். ஒருதலைப்பட்சமான ஒப்பந்த நிபந்தனைகளைக் கேள்வி கேட்க 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. அச்சடித்துவிட்டதாலேயே அது கடைசி வார்த்தையாகிவிடாது. 15 நாளில் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அங்கிருந்து நிறுவனத்துக்குச் செய்தி போகும். இது போன்ற சிறு தொகைகள் பல அந்தக் கட்டத்திலேயே திரும்பி வந்துவிடுகின்றன.

அதற்கும் மசியாவிட்டால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நிறுவனம் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் நீதிமன்றக் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும்: கல்வி என்பது நுகர்வோர் சட்டத்தின்படி சேவையா என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம் 2020-இல் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. பல்கலைக்கழகம் அல்லாத பயிற்சி நிறுவனங்களுக்கு எதிராகப் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லிய தீர்ப்புகள் பல உண்டு என்றாலும், எதிர்த்தரப்பு இந்த வாதத்தைக் கிளப்பக்கூடும். 5,000 ரூபாய்க்காக நான்கு முறை விடுப்பு எடுத்துத் தஞ்சாவூர் போய் வரும் செலவையும் கணக்குப் போடுங்கள். என் எண்ணத்தில் 1915 வரை போவது நியாயம், அதற்கு மேல் உங்கள் கோபத்தின் அளவைப் பொறுத்தது.

போகிற போக்கில் இன்னொன்று. பார்க்க வேண்டிய படங்களை டெலிகிராமில் எடுத்துக்கொள்ளலாம் என்று அந்த நிறுவனத்துக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். காப்புரிமையைப் பாடமாக நடத்த வேண்டிய ஆள் சொல்கிற பேச்சா இது? இந்தியாவில் ஒரு படம் வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை அதற்குக் காப்புரிமை உண்டு. அந்தக் காலம் தாண்டிய பழைய படங்கள் ஏராளம். உரிமை பெற்றவர்களே யூடியூபில் ஏற்றியிருக்கும் படங்களும் நிறைய. முதல் வருடத்துக்கு இவை தாராளமாகப் போதும்.

கணவரிடம் சொல்வது

சொல்லிவிடுங்கள். அவருடைய அனுமதி வேண்டும் என்பதற்காக அல்ல. 46 வயதில் யாருடைய அனுமதியும் வேண்டாம். 5,000 ரூபாய் போன விஷயம் உங்கள் வாயிலிருந்து வருவதும், கடைக்கு வரும் ஓர் அழைப்பிலிருந்து தெரிவதும் ஒன்றல்ல. ஏமாந்துவிட்டேன், திருப்பிக் கேட்டு எழுதியிருக்கிறேன் என்று ஆரம்பியுங்கள். படிப்பைப் பற்றி அதே நாளில் பேச வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் ஏமாந்ததுதான் படிப்பு என்று அவர் மனதில் பதிந்துவிடும். பத்து நாள் கழித்து, செலவில்லாத வகுப்பு, இரவு ஒன்பது மணியிலிருந்து பத்து வரை, அந்த ஒரு மணி நேரம் எனக்கு வேண்டும் என்று கேளுங்கள். உண்மையில் உங்கள் வீட்டில் கிடைக்க அரிதானது பணத்தைவிட அந்த ஒரு மணி நேரம்தான் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

மகளின் விஷயத்தை இதோடு முடிச்சுப் போடாதீர்கள். நீங்கள் முன்னால் படித்து அவளுக்கு வழி காட்டத் தேவையில்லை. விஸ்காம் என்பது சினிமாப் படிப்பு மட்டுமல்ல. புகைப்படம், வடிவமைப்பு, விளம்பரம், இதழியல் எல்லாம் கலந்தது. திரைப்படம்தான் வேண்டும் என்று அவள் உறுதியாக இருந்தால், பிளஸ் டூ முடித்தவர்கள் சேரக்கூடிய பட்டப்படிப்புகள் சென்னை தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். அரசுத் திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் இருக்கின்றன. அரசு நிறுவனம், தனியார் கட்டணத்தோடு ஒப்பிடவே முடியாது. இடங்கள் குறைவு, ஆகவே விஸ்காமுக்கும் சேர்த்தே விண்ணப்பிக்கட்டும்.

பதினொரு நோட்டுகள்

“நாங்கள் பார்த்ததெல்லாம் எம்.ஜி.ஆர்., சிவாஜி படம்தான். உலக சினிமா தெரியாமல் இந்தப் படிப்புக்குப் போவது வெட்கமாக இருக்கிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்கு மட்டும் உங்களிடம் கொஞ்சம் கோபப்பட அனுமதியுங்கள்.

திரைப்படக் கல்வியில் படங்களை ஆராய்வது ஒரு பாதி. யார் பார்த்தார்கள், எங்கே உட்கார்ந்து பார்த்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், எந்த மாதத்தில் கூட்டம் வந்தது என்று ஆராய்வது இன்னொரு பாதி. அந்தப் பாதி தென்னிந்தியாவில் தொடங்குவதே நம் காவிரிக் கரையில்தான். 1905-இல் திருச்சி ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், டியுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பினார். உங்கள் அப்பா செய்த தொழிலின் முன்னோடி அவர். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்த முதல் நிகழ்த்துகளம் திரையரங்குதான் என்று இலங்கைத் தமிழறிஞர் கா. சிவத்தம்பி எழுதினார். பிறப்பைப் பார்த்து அல்ல, டிக்கெட்டைப் பார்த்து இடம். நிலவுடைமையும் சேரியும் இவ்வளவு இறுகிக் கிடந்த தஞ்சைப் பகுதியில், தரை, பெஞ்சு, நாற்காலி என்று பிரிந்த ஒரு கீற்றுக் கொட்டகை உண்மையில் என்ன செய்தது? எல்லோரும் கலந்து உட்கார்ந்தார்களா, மணலைக் குவித்து அங்கேயும் ஒரு தெரு பிரித்துக்கொண்டார்களா? இதற்குப் பதில் எந்த இணைய வகுப்பிலும் இல்லை. தரை டிக்கெட் எத்தனை, பெஞ்சு எத்தனை என்று தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறாரே, அந்த நோட்டில் ஒரு நுனி இருக்கலாம்.

சம்பா அறுவடை முடிந்த மாசியில் வசூல் இரட்டிப்பாவதையும், ஆற்றில் தண்ணீர் வராத வருடத்தில் தரை டிக்கெட் பாதியாவதையும் நீங்களே கண்டுபிடித்து எழுதியிருக்கிறீர்கள். அதைப் பொழுதுபோகாமல் பார்த்த கணக்கு என்கிறீர்கள். இதற்குத்தான் ஆய்வு என்று பெயர்.

ரீல் கணக்கையும் சும்மா விடாதீர்கள். 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 1,000 அடி ரீல் ஒன்று பதினொரு நிமிடம். பதினாறு ரீல் என்று எழுதியிருந்தால் கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படம். அதே படம் மூன்றாம் முறை ஊருக்கு வரும்போது பதினான்கு ரீல் என்று எழுதியிருக்கிறாரே, இரண்டு ரீல் எங்கே போனது? பிரிண்ட் தேய்ந்து வெட்டினார்களா, கடைசிக் காட்சிக்கு ஜனங்கள் வீடு திரும்ப வேண்டுமே என்று குறைத்தார்களா? டெல்டாவில் பார்த்த படமும் சென்னையில் பார்த்த படமும் ஒரே படம்தானா என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

ஐப்பசிக்கு முன் சில வேலைகளை முடித்துவிடுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில், வாசல் திண்ணையில் வைத்து, நேர் மேலிருந்து கைப்பேசியில் படம் எடுங்கள். மகளைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், விஸ்காமுக்கு அதைவிட நல்ல நுழைவுத் தேர்வு இல்லை. லேமினேஷன் வேண்டாம், செல்லோடேப் வேண்டாம், இரண்டும் தாளைக் கொன்றுவிடும். தகரப் பெட்டி துருப் பிடிக்கும். நோட்டுகளைப் பருத்தித் துணியில் சுற்றி மர அலமாரிக்கு மாற்றுங்கள். யார் கேட்டாலும் மூல நோட்டைக் கொடுக்காதீர்கள். பழைய தமிழ் அச்சுப் பிரதிகளையும் சினிமாப் பாட்டுப் புத்தகங்களையும் சேர்த்துவைத்திருக்கும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, மாதிரிப் பக்கங்கள் நான்கை அனுப்பிப் பாருங்கள்.

கடைசித் தாளின் ஓரத்தில், சில படப் பெயர்களுக்குப் பக்கத்தில் அப்பா சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறார், ஏனென்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் தெரியவில்லை. வட்டம் போட்ட நாட்களில் வசூல் அதிகமில்லை என்கிறீர்கள், ஆகவே கூடுதல் காட்சிக் கணக்காக இருக்காது. புரொஜக்டர் விளக்குக்கான கார்பன் குச்சி தீர்ந்த நாளா, மின்சாரம் தரும் இன்ஜின் நின்ற நாளா, அல்லது வேலைக்கு நடுவே அவர் தானே உட்கார்ந்து பார்த்த படமா? அப்பாவிடம் ரீல் சுற்றும் பையனாக இருந்தவர் இன்னும் திருப்பனந்தாள் பக்கம் இருக்கிறார், எண்பது வயது என்றும் அதே தாளில் இருக்கிறது. ஜூலைக்கு இன்னும் நாள் இருக்கிறது. நோட்டை அல்ல, பக்கங்களின் படத்தை எடுத்துக்கொண்டு இந்த ஞாயிற்றுக்கிழமையே அவரைப் போய்ப் பாருங்கள்.